பழைய ஜீப்புக்கு நல்ல வெளிச்சம்: ஹெட்லைட்டை மாற்ற நினைக்கும் புதியவர்களுக்கு

ஆழியாறு அணையைத் தாண்டி வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பகலில் எந்தப் பழைய ஜீப்பும் அந்தச் சாலையில் மெல்ல ஏறிவிடும். பொழுது சாய்ந்து, கவர்க்கல் பக்கம் மூடுபனி இறங்கிய பிறகுதான் வண்டியின் வயது தெரியும். முன்னால் மஞ்சளாக இரண்டு வட்டங்கள் விழும். அதற்கு அப்பால் நிற்பது பாறையா, காட்டுமாடா என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். சத்தியமங்கலத்திலிருந்து திம்பத்தின் 27 வளைவுகளில் ஏறுபவர்களுக்கும், அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்குப் போகிறவர்களுக்கும், கொல்லிமலையின் 70 வளைவுகளைப் பழகியவர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான். மலைப்பக்கமே போகாமல், தோட்டத்துச் சாளைக்கும் ஊருக்கும் நடுவே இட்டேரியில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கும் இதே குறை உண்டு. இருபுறமும் கிளுவை வேலி நெருக்கும் அந்தத் தடத்தில், எதிரே சைக்கிளில் வருகிறவர் பத்தடி தூரத்தில்தான் கண்ணுக்குப் படுவார்.

இந்தக் கட்டுரை, வட்டமான 7 அங்குல ஹெட்லைட் பொருத்திய பழைய மகிந்திரா ஜீப்புகள், மாருதி ஜிப்ஸி போன்ற வண்டிகளை வைத்திருந்து, முதல்முறையாக விளக்கு வேலையில் கை வைக்க நினைப்பவர்களுக்காக எழுதப்பட்டது. அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் பொதுவான அளவாக வந்த 7 அங்குல விளக்கு, வில்லிஸ் ஜீப்பின் வழியாக நம் ஊர் ஜீப்புகளுக்கும் வந்து சேர்ந்தது. அதனால் இன்றும் எந்த உதிரிபாகக் கடையிலும் நமக்குப் பொருந்தும் டூம் (முகப்பும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த விளக்கின் உடல்) கிடைக்கிறது. ஆனால், கடைக்குப் போவது இந்த வேலையின் முதல் படியாக இருக்கக்கூடாது என்பதைத்தான் நான் முதலில் சொல்ல விரும்புகிறேன். பெரும்பாலான பழைய வண்டிகளில் வெளிச்சக் குறைவுக்கான காரணம் பல்பில் இருப்பதில்லை. பேட்டரியிலிருந்து பல்புக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 1990களில் செய்த என் ஜீப்பை வாங்கிய புதிதில், வெளிச்சம் போதவில்லை என்று, வழக்கமான 55/60 வாட் (டிம்/பிரைட்) பல்புகளுக்குப் பதிலாக 90/100 வாட் பல்புகளை வாங்கிப் போட்டேன். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் இரவு ஆனைமலையிலிருந்து திரும்பும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. சிறிது நேரத்தில் இடப்பக்க விளக்கு அணைந்துவிட்டது. மறுநாள் காலையில் டூமைக் கழற்றிப் பார்த்தபோது, பல்பின் பின்னாலிருந்த ஹோல்டர் டீத்தூள் நிறத்துக்கு மாறி, மூன்று துளைகளில் ஒன்று இளகி வளைந்திருந்தது. அதில் செருகியிருந்த பித்தளை லக்கு (வயர் முனையில் இணைப்புக்காக வைக்கும் உலோகத் துண்டு) நீலம் பாய்ந்து கருத்திருந்தது. பொள்ளாச்சியில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அதைக் காட்டினேன். அவர் ஹோல்டரைக் கையில் வாங்கிச் சற்று நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பல்பு மாத்தறது அப்புறமுங்க தம்பி. மொதல்ல லைட்டுக்குக் கரண்ட் போய்ச் சேருதான்னு பாருங்க" என்றார். பிறகு அவர் மீட்டரை எடுத்து வைத்துக் காட்டியதுதான் இந்த வேலையின் முதல் பாடம்.

முதல் படி: அளந்து பார்ப்பது

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைச் சற்றே அழுத்திப் பிடிக்க ஓர் ஆளை உட்கார வைத்து, ஹெட்லைட்டைப் போடுங்கள். முதலில் பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் நலமாக இருந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டும். அதற்குக் குறைவாக இருந்தால், விளக்கு வேலையை நிறுத்திவிட்டு முதலில் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் கவனியுங்கள். பிறகு, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலேயே வைத்துக்கொண்டு, சிவப்பு முனையை எரிந்துகொண்டிருக்கும் பல்பின் ஹோல்டருக்குப் பின்னாலுள்ள பாசிட்டிவ் லக்கில் தொடுங்கள். இரண்டு அளவுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வழியில் எங்கோ மின்சாரம் வீணாகிறது என்று பொருள். அடுத்து, சிவப்பு முனையை அதே ஹோல்டரின் எர்த் லக்கில் (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவ்வுக்குத் திரும்பும் வழி) வைத்துப் பாருங்கள். அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும், 0.3, 0.4 என்று வந்தால் எர்த் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். விளக்கு அணைந்திருக்கும்போது அளந்து பயனில்லை, ஏனென்றால் வயரில் மின்னோட்டம் ஓடினால்தான் இழப்பு வெளிப்படும்.

55/60 வாட் பல்பைத் திரும்பப் போட்டு அளந்தபோது, என் வண்டியில் பேட்டரியில் 13.9 இருந்தது, பல்பில் 11.6 தான் இருந்தது. இரண்டு வோல்ட்தானே போகிறது என்று தோன்றலாம். ஆனால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, மிக வேகமாகச் சரிகிறது. வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், நான் காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் சாலையில் விழுந்துகொண்டிருந்தது. மீதியெல்லாம் வயரிலும் சுவிட்ச்சிலும் சூடாகக் கரைந்துகொண்டிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதை வயர் போகும் வழியைத் தொடர்ந்து பார்த்தால் விளங்கிவிடும். பழைய ஜீப்புகளில் ஹெட்லைட்டுக்கான முழு மின்னோட்டமும் பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு வரை வந்து, லைட் சுவிட்ச்சுக்குள் புகுந்து, அங்கிருந்து டிம், பிரைட் மாற்றும் டிப்பர் சுவிட்ச்சுக்கு இறங்கி, மறுபடியும் முன்பக்கம் போய், இரண்டு விளக்குகளுக்கும் பிரிகிறது. டிப்பர் சுவிட்ச் காலடியில் இருக்கும் வண்டிகளில் சேறும் தண்ணீரும் அதன் மேலேயே விழுகின்றன. இந்த வழியிலுள்ள ஒவ்வொரு இணைப்பும் இருபது முப்பது ஆண்டுகளில் களிம்பேறியிருக்கும். எர்த்தோ, பல வண்டிகளில், மட்கார்டின் தகரத்தை நம்பி ஒரே ஒரு துருப்பிடித்த திருகில் நிற்கும். இந்த வழியில் இன்னும் பெரிய பல்பைப் போட்டால் இழப்பும் சூடும்தான் கூடும். என் ஹோல்டர் கருகியதும் அப்படித்தான்.

இரண்டாம் படி: ரிலே வைத்து நேர்வழி போடுவது

ரிலே என்பது சிறிய மின்காந்தச் சுவிட்ச். பழைய சுவிட்ச் இனி ஹெட்லைட்டின் ஒன்பது ஆம்பியர் சுமையைத் தாங்க வேண்டியதில்லை. ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருளை, அதாவது காயிலை, இயக்கத் தேவையான ஏறக்குறைய 0.2 ஆம்பியரை மட்டும் கொடுத்தால் போதும். பேட்டரியிலிருந்து தடித்த வயர் வழியாக நேரே விளக்குக்கு மின்சாரத்தை விடும் வேலையை ரிலே பார்த்துக்கொள்ளும். என்னைக் கேட்டால், புதிய டூமோ எல்இடியோ வாங்குவதற்கு முன்னால் எல்லோரும் செய்ய வேண்டிய வேலை இதுதான். செலவும் மற்ற எதையும்விடக் குறைவு.

தேவையானவை: 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர், நான்கு பின் ரிலே இரண்டு, அவற்றுக்கான ஹோல்டர்கள், 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் இரண்டு (நீர் புகாத மூடியுள்ள ஃபியூஸ் ஹோல்டரோடு), 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், எச்4 பல்புக்கான (டிம், பிரைட் இழை இரண்டும் உள்ளேயே இருக்கும் ஹாலஜன் பல்பு) இரண்டு புதிய ஹோல்டர்கள், லக்குகள், வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவ், வயரை மூடும் நெளிகுழாய். கோயம்புத்தூர் உக்கடம் பக்கத்து உதிரிபாகக் கடைகளில் இவை எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும். பல்பு ஹோல்டர் பீங்கானில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ரிலேயில் காயிலுக்குக் குறுக்கே டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். காரணம் பின்னால் வரும். வயர் வாங்கும்போது விலை மலிவாக இருக்கிறதென்று மேலுறை தடித்து உள்ளே செம்பு மெலிந்ததை எடுத்துவிடாதீர்கள். ஒரு முனையைச் சீவி உள்ளிருக்கும் இழைகளைக் கண்ணால் பார்த்து வாங்குவதே நல்லது.

வேலையைத் தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். எல்லாம் முடிந்த பிறகே அதை மாட்ட வேண்டும். ரிலேக்களை இன்ஜின் அறையில், உள்பக்க மட்கார்டின் மேற்பகுதியில், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட் ஆகியவற்றின் சூட்டுக்குத் தள்ளி, பின்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துங்கள். அப்படி வைத்தால் ஓடையில் இறங்கி ஏறும்போது தெறிக்கும் தண்ணீர் உள்ளே தங்காமல் வடிந்துவிடும்.

ரிலேயின் அடியில் நான்கு எண்கள் அச்சாகியிருக்கும். 30 என்பது பேட்டரியிலிருந்து வரும் பாசிட்டிவ். ஃபியூஸ் வழியாக இதற்கு வயர் கொடுங்கள், அந்த ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ஃபியூஸைத் தள்ளி வைத்தால், அதற்கு முன்னாலுள்ள வயர் எங்காவது உரசித் தகரத்தைத் தொடும் நாளில் தடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. 87 என்பது விளக்குக்குப் போகும் முனை. 85, 86 இரண்டும் காயிலின் முனைகள். ஒரு ரிலே டிம்முக்கு, இன்னொன்று பிரைட்டுக்கு. இரண்டுக்கும் தனித்தனி ஃபியூஸ் வைப்பதன் பயன், ஏதாவது ஒன்று போனாலும் மற்றதை வைத்து வீடு வந்து சேரலாம் என்பதே.

காயிலுக்கு வயர் கொடுக்கும் இடத்தில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் சுவிட்ச் பாசிட்டிவ் பக்கம் இருக்கும். ஆனால் ஜப்பானிய வடிவமைப்பில் வந்த சில வண்டிகளில் பல்பின் பொது முனைக்கு எப்போதும் பாசிட்டிவ் வந்துகொண்டிருக்க, சுவிட்ச் எர்த் பக்கத்தைத்தான் இணைத்துத் துண்டிக்கும். அந்த வண்டியில் வழக்கமான வரைபடத்தைப் பார்த்து இணைத்தால் ரிலே இழுக்கவே இழுக்காது. இரண்டு வகைக்கும் பொருந்தும் எளிய வழி ஒன்று உண்டு. பழைய பல்பு ஹோல்டர்கள் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பொது முனைக்கும் டிம் முனைக்கும் நடுவே முதல் ரிலேயின் காயிலை இணையுங்கள். அதே பொது முனைக்கும் பிரைட் முனைக்கும் நடுவே இரண்டாவது ரிலேயின் காயிலை இணையுங்கள். பழைய வயரைப் பொறுத்தவரை, அங்கே பல்பு இருந்த இடத்தில் இப்போது காயில் இருக்கிறது, அவ்வளவுதான். டயோடு இல்லாத ரிலே வேண்டும் என்று சொன்னதும் இதற்காகத்தான். டயோடு இருந்தால் எந்த முனை எந்தப் பக்கம் என்று பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். எந்த முனை பொது, எது டிம், எது பிரைட் என்பதை வயர் நிறத்தை நம்பி முடிவு செய்யாமல், பல்பைக் கழற்றுவதற்கு முன்பே டெஸ்ட் லைட் வைத்துப் பார்த்து, காகிதப் பட்டையில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். கைமாறிக் கைமாறி வந்த வண்டியில், முன்பு வேலை செய்தவர் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்.

இரண்டாவது பழைய ஹோல்டரை டேப் சுற்றிப் பத்திரமாகக் கட்டி வையுங்கள். நடுக்காட்டில் ரிலே பழுதானால், பல்பை நேரே அதில் செருகி மங்கலாகவாவது ஊர் வந்து சேரலாம்.

எர்த் வயரையும் பாசிட்டிவ் அளவுக்கே தடிமனாகப் போடுங்கள். ஒவ்வொரு ஹோல்டரின் எர்த்தையும் தனி வயரில் கொண்டுவந்து, முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ்விலேயே சேர்த்துவிடுங்கள். சேஸிஸில் சேர்ப்பதாக இருந்தால், அந்த இடத்துப் பெயிண்ட்டைப் பளபளக்கும் உலோகம் தெரியும் வரை சுரண்டி, வட்ட லக்கு வைத்து இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். லக்குகளை இடுக்கியால் நசுக்காமல் அதற்கென்றே உள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். அழுத்திய பிறகு ஒருமுறை வலுவாக இழுத்துப் பாருங்கள். வண்டி குலுங்கிக் கழன்றுவிடுவதைவிட இப்போது கையோடு வந்துவிடுவது நல்லது.

எல்லாம் முடிந்ததும் முதலில் செய்த அளவீட்டைத் திரும்பச் செய்யுங்கள். என் வண்டியில் 11.6 இருந்த இடத்தில் 13.6 வந்தது. பல்பு அதே வகைதான், 55/60 வாட். அன்றிரவு களத்தில் வண்டியை நிறுத்தி விளக்கைப் போட்டபோது, கடைசித் தென்னை வரிசையின் மட்டை தனித்தனியாகத் தெரிந்தது. அதற்கு முன் அந்த வரிசை அங்கே இருப்பதே இரவில் தெரியாது.

மூன்றாம் படி: டூமும் பல்பும்

வயரிங் சரியான பிறகும் வெளிச்சம் போதவில்லை என்றால்தான் டூமைப் பார்க்க வேண்டும். சில பழைய வண்டிகளில் இன்னும் சீல்டு பீம் இருக்கும். கண்ணாடி, ரிஃப்ளெக்டர், இழை மூன்றும் ஒரே உடம்பாக மூடப்பட்ட விளக்கு அது, பல்பை மட்டும் மாற்ற முடியாது. அந்த இடத்தில் எச்4 பல்பு ஏற்கும் 7 அங்குல டூமை அப்படியே வைக்கலாம். எச்4 வைத்திருப்பவர்கள், பல்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். ரிஃப்ளெக்டர் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். புகை படிந்தது போலவோ, உரிந்தோ, கீழ்ப்பாதியில் துருப்புள்ளியோ இருந்தால் டூமை மாற்றிவிடுங்கள். துணியால் துடைத்தால் அந்த மெல்லிய அலுமினியப் பூச்சு துணியோடு வந்துவிடும். புதிதாக வாங்கும்போது பிளாஸ்டிக் முகப்பைவிடக் கண்ணாடி முகப்பே என் தேர்வு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அள்ளி வரும் மண்ணும், நம் வெயிலும் சேர்ந்து பிளாஸ்டிக்கை விரைவில் மங்கலாக்கிவிடும்.

டூம் வாங்கும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் பார்க்க வேண்டும், அதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. டிம்மில் விழும் ஒளி இரு பக்கமும் சமமாக இருக்காது. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், நம் நாட்டுக்கான டூமில் ஒளியின் மேல்விளிம்பு இடது ஓரத்தில் சற்று உயர்ந்து, சாலையோரத்தில் நடப்பவரைக் காட்டும். வலப்பக்கம் தாழ்ந்து, எதிரே வருபவரின் கண்ணை விட்டுவிடும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கென்று செய்த டூமை இங்கே பொருத்தினால் இது தலைகீழாகிவிடும்: ஓரம் இருட்டாகவும், எதிரே வருபவரின் முகத்தில் வெளிச்சமாகவும் இருக்கும். ஐரோப்பிய முறைப்படி முத்திரையிட்ட டூமில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அதோடு, விளக்கை நேருக்கு நேர் நின்று பார்க்கும்போது நம் வலது கைப் பக்கம் காட்டும் ஓர் அம்புக்குறி இருந்தால் அது இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. அம்புக்குறியே இல்லாவிட்டால் அது நமக்கானது அன்று. கடையில் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பல்பு 55/60 வாட்டிலேயே இருக்கட்டும். அந்த வாட்டிலேயே கூடுதல் வெளிச்சம் தருவதாக எழுதி வருபவை உண்மையில் கூடுதலாகத்தான் தரும், ஆனால் இழையை அதிகச் சூட்டில் எரிய வைப்பதால் அவற்றின் ஆயுள் குறைவு. நீலப் பூச்சுப் பூசியவற்றை வாங்க வேண்டாம். அந்தப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தடுத்துத்தான் வெள்ளையாகக் காட்டுகிறது. பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடாகி, பல்பு சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள்.

எல்இடி பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஹாலஜனுக்கென்று செய்த டூமுக்குள் எல்இடி பல்பைச் செருகுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 1971-இல் வந்த எச்4 பல்பில் டிம் இழைக்கு அடியில் ஒரு சின்னத் தகரக் கிண்ணம் இருக்கிறது. அது ஒளியை ரிஃப்ளெக்டரின் மேல்பாதிக்கு மட்டும் அனுப்பி, கூர்மையான மேல்விளிம்பை உருவாக்குகிறது. டூமின் வளைவும் முகப்பின் வரிகளும் அந்த இழை நிற்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் வைத்து வடிவமைத்தவை. எல்இடி சில்லின் பருமனும் இடமும் வேறு என்பதால் ஒளி சிதறும். ஓட்டுபவருக்கு வண்டியின் முன்னால் வெள்ளையாக நிறைந்து நிற்பதால் திருப்தியாக இருக்கும். தூரத்தில் விழ வேண்டிய வெளிச்சமோ எதிரே மொபெட்டில் வருகிறவரின் கண்ணில் விழுந்துகொண்டிருக்கும்.

எல்இடிதான் வேண்டும் என்றால், முழு விளக்காகவே எல்இடியாகச் செய்து, இடப்பக்கச் சாலைக்கான ஒளி வடிவமும் முத்திரையும் உள்ள 7 அங்குல விளக்கை வாங்குங்கள். அது மின்சாரமும் குறைவாக எடுக்கும். ஆனால் பின்னால் இருக்கும் அலுமினிய விசிறித் தகடு சில ஜீப்புகளின் விளக்குக் கிண்ணத்தில் இடிக்கும், ஆகவே ஆழத்தை அளந்துகொண்டு போங்கள். மலையில் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நீலம் கலந்த வெள்ளொளி மூடுபனியில் சுவர் மாதிரி திரும்பி வந்து கண்ணைக் கூச வைக்கும். ஹாலஜனின் மஞ்சள் சாயல் அந்த அளவுக்குச் செய்யாது. அடிக்கடி பனியில் போகிறவர் என்றால் ஹாலஜனிலேயே இருங்கள் என்பது என் கருத்து. கூடுதல் வெளிச்சத்துக்கு, பம்பருக்குக் கீழே தாழ்வாக, அகல ஒளி தரும் நல்ல ஃபாக் லைட் ஒரு ஜோடி வைத்தால் கொண்டை ஊசி வளைவின் உள்ளோரமும் சாலையின் வெள்ளைக் கோடும் தெரியும். கூரை மேல் வைக்கும் நீள எல்இடி பட்டை மலைக்கும் புழுதிக்கும் பொருந்தாது. அதன் ஒளி முதலில் பானட்டில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும்.

நான்காம் படி: ஒளியைத் திருத்துவது

இதைச் செய்யாமல் விட்டால் இதுவரை செய்ததெல்லாம் பாதி வேலைதான். சமதளமான தரையும் நேரான சுவரும் வேண்டும். கொப்பரை காயவைக்கும் சிமெண்ட் உலர்களமும் அதை ஒட்டிய குடோன் சுவரும் இதற்கு மிகப் பொருத்தம். டயர்களில் காற்றைச் சரிபார்த்து, வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றி, ஓட்டுநர் இருக்கையில் ஆளை உட்கார வைத்து, விளக்கின் முகப்பிலிருந்து சுவர் சரியாக 10 மீட்டர் இருக்கும்படி நேராக நிறுத்துங்கள். சுமையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பட்டை ஸ்பிரிங் (லீஃப் ஸ்பிரிங்) வைத்த ஜீப்பில் பின்னால் நாலு மூட்டை தேங்காய் ஏற்றினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், டிம் ஒளி எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறிவிடும்.

தரையிலிருந்து விளக்கின் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு படுக்கைக் கோடு போடுங்கள். அதற்கு 10 முதல் 12 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. ஒவ்வொரு விளக்குக்கும் நேர் எதிரே ஒரு செங்குத்துக் கோடு. ஒரு விளக்கைத் துணியால் மூடிவிட்டு மற்றதை டிம்மில் போடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் படிய வேண்டும். அந்த விளிம்பு இடப்பக்கமாக மேலே திரும்பத் தொடங்கும் முனை செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். திருத்துவதற்கு டூமைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த இரண்டு திருகுகள் இருக்கும்: மேலே அல்லது கீழே இருப்பது உயரத்துக்கு, பக்கவாட்டில் இருப்பது இடம் வலத்துக்கு. முன்வளையத்தைப் பிடித்திருக்கும் சிறு திருகுகள் வேறு. அவற்றைத் திருகினால் டூமே கையில் வந்துவிடும். துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள்.

இந்தச் சில சென்டிமீட்டரின் பொருள் பெரிது. விளக்கு தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, ஒளி 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறங்கினால், அது 90 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். யாரோ பயந்து 30 சென்டிமீட்டர் இறக்கி வைத்துவிட்டால் 30 மீட்டரோடு நின்றுவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், கண் பார்த்து கால் பிரேக்கைத் தொடும் ஒன்றரை நொடிக்குள்ளேயே வண்டி 25 மீட்டர் ஓடிவிடும். மறுபக்கம், ஒளியை ஏற்றி வைத்தால் எதிரே வருபவர் நம்மைப் பார்க்காமல் நம் மேலேயே வருவார்.

சட்டமும் இதையேதான் கேட்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106-ஆம் விதி, விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்குக் கூச்சம் வராதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. திருத்தி முடித்ததும் அந்த இடத்தில் போய் நீங்களே நின்று பாருங்கள். 111-ஆம் விதி, பதிவு அலுவலகத்தின் முன் அனுமதியில்லாமல் வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட்டோ சர்ச் லைட்டோ பொருத்தக்கூடாது என்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதே அளவு, அதே வாட், முத்திரையுள்ள டூம் என்று நின்றுகொண்டால் எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும்போதும் மனத்தில் கலக்கம் இருக்காது.

ஆனைமலையிலும் சத்தியமங்கலம் காட்டிலும் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். நல்ல பிரைட் லைட் கிடைத்துவிட்டால் யானையின் முகத்தில் அடித்துப் பார்க்கும் ஆசை சிலருக்கு வருகிறது. கண் கூசிய யானை மிரளும். மிரண்டால் எந்தப் பக்கம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தூரத்திலேயே நிறுத்தி, டிம்முக்கு மாற்றி, ஹாரன் அடிக்காமல், அது கடக்கும் வரை காத்திருங்கள்.

வேலை முடிந்த முதல் வாரத்தில், அரை மணி நேரம் விளக்கைப் போட்டு ஓட்டிவிட்டு வந்து, விளக்கை அணைத்தபின் ரிலே ஹோல்டர், ஃபியூஸ் ஹோல்டர், பல்புக்குப் பின்னாலுள்ள வயர்கள் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், கையை எடுக்க வைக்கும் சூடு இருந்தால் அந்த லக்கு சரியாக இறுகவில்லை, மாற்றிவிடுங்கள். மேடு பள்ளத்தில் ஓடிய பிறகு சுவருக்கு முன்னால் ஒருமுறை மறுபடியும் நிறுத்திக் கோட்டைச் சரிபாருங்கள். டேஷ்போர்டு அறையில் ஓர் எச்4 பல்பு, இரண்டு 20 ஆம்பியர் ஃபியூஸ், ஒரு ரிலே, முகப்பைத் துடைக்க ஒரு பழைய பருத்தித் துணி ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருங்கள். திம்பமோ வால்பாறையோ, ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் டீக்கு நிறுத்தும்போது அந்தத் துணியால் இரண்டு முகப்பையும் துடைத்துவிட்டு ஏறுங்கள்.